சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டர் சும்மா ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் வீட்டிலேயே சேர்த்து வைத்துக்கொள்ள சொந்தமாக ஒரு சர்வர், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு கம்ப்யூட்டர், போடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் எழுதுகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் படித்தேன், ஆனால் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். புதிதாக எல்லாம் வாங்கினால் ஐம்பது, அறுபதாயிரம் ஆகும் என்று ஒரு இடத்தில் இருந்தது. அவ்வளவு முடியாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பை எடுத்து இருபத்து நாலு மணி நேரமும் ஓடவிட்டால் செலவே இல்லை என்று கடைசியில் இருந்தது. முதலாவதைப் படித்தவர் பயந்து பக்கத்தைத் திருப்பிவிடுவார், அதோடு போகும். இரண்டாவதை நம்பி ஓடவிட்டவருக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில் வரும். அந்தப் பில்லைக் கட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், குடியிருப்பது அவிநாசி. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வீட்டில் நாலு போன், நாலிலும் இடம் இல்லை என்று வந்துகொண்டே இருக்கும். 2021 ஜூன் 1 வரைக்கும் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் போட்டுக்கொண்டிருந்தோம், அன்றிலிருந்து மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம் என்று ஆனபிறகு மாதம் 130 ரூபாய் கட்டி 100 ஜிபி வாங்கினேன், ஒன்றரை வருடத்தில் அதுவும் நிறைந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 100 ஜிபி உங்களுக்குப் போதும் என்றால் அந்தக் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள், கீழே நான் எழுதுவது எதுவும் உங்களுக்கு வேண்டாம். எனக்குக் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ஆண்டு விழா, என் அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த ஹேண்டிகேம் டேப்பை மாற்றியது என்று ஒரு டிபி (ஆயிரம் ஜிபி) தாண்டிவிட்டது, அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் உங்கள் கட்டுரை சொன்னதைத்தான் செய்தேன், கட்டுரை வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே. அட்டாலியில் (பரணில்) பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்று கிடந்தது, மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வாங்கியது, உள்ளே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேறு. தூசி தட்டி லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச மென்பொருள்) போட்டு ஓடவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்காரி ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தப் பொட்டிய ராத்திரிக்காவது அணைச்சு வைக்கக் கூடாதுங்களா" என்று கேட்டாள். அணைத்து வைத்தால் அது சர்வரே இல்லை என்று வியாக்கியானம் செய்தேன். என் மாமனார் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தபோது, "ஓட்டல்லதானுங்க மாப்ளை சர்வர் இருப்பாங்க, ஊட்டுக்கு எதுக்குங்க" என்று சிரித்தார். எல்லாம் சரி, அந்த ரெண்டு மாதம் முடிந்து ரீடிங் எடுக்க வந்தவர் சொன்ன எண்ணைக் கேட்டதும் என் வியாக்கியானம் எல்லாம் காணாமல் போய்விட்டது. எப்போதும் 420 யூனிட் பக்கம் வருகிற வீடு, 524.

இந்த 500 யூனிட் விவகாரம் நம் ஊரில் எல்லா வீட்டுக்காரிகளுக்கும் தெரியும், கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை போல. ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது எல்லாருக்கும். அடுத்த 100 யூனிட்டுக்கு ரொம்பக் குறைந்த விலை, ஆனால் மொத்தம் 500-க்குள் இருந்தால்தான். 501 ஆகிவிட்டால் அந்த 101 முதல் 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும், 500-க்கு மேலே போன யூனிட்டுக்கு அதையும்விடப் பெரிய விலை. ஆக 104 யூனிட் கூடியதற்கு என் பில் கூடியது ஏறக்குறைய 900 ரூபாய். வருடத்துக்கு ஆறு பில். கணக்கு எழுதுகிறவன் வீட்டில் 5,400 ரூபாய் இப்படிப் போவது வெளியே தெரிந்தால் கம்பெனியில் என்னை நம்ப மாட்டார்கள்.

அந்த 104 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமே. எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கிற ஒரு தம்பி ஒரு வழி சொல்லிக் கொடுத்தான், வாசகர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். வீட்டு மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை சிமிட்டும் என்று மீட்டர் மேலேயே அச்சடித்திருப்பார்கள், எங்கள் மீட்டரில் 3200. பிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு 20 வாட் எல்இடி ட்யூப்பை மட்டும் எரியவிட்டு பத்து நிமிடம் எண்ணினேன், 11 தடவை. ரொம்பக் குறைந்த கரண்டை மட்டும் தனியாக விட்டால் சில மீட்டர் அசையாமல் நிற்கும், அதற்குத்தான் ட்யூப். அப்புறம் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஓடவிட்டு மறுபடி பத்து நிமிடம் எண்ணினால் 49. வித்தியாசம் 38. பத்து நிமிடத்துக்கு 38 என்றால் மணிக்கு 228, அதை 3200-ஆல் வகுத்தால் 0.071 யூனிட், அதாவது 71 வாட். மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, "என்னுங்க தம்பி, மந்திரமுங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

71, 72 வாட் என்றால் பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்று இரவு பகலாக ஓடுவது மாதிரி. எல்லாரும் பிஎல்டிசி ஃபேன் மாட்டி முப்பது வாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம், மிச்சம் பிடித்ததை இந்தப் பொட்டிக்குக் கொடுக்கவா? ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எப்போதும் ஓடுகிற ஒரு பொருளில் ஒவ்வொரு 10 வாட்டும் 60 நாளில் 14.4 யூனிட். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு விஷயம், அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போதுதான் 72 வாட் இழுக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, சும்மா நிற்கும்போதே அவ்வளவு. வீட்டு சர்வர் ஒரு நாளில் முக்கால்வாசிக்கு மேல் சும்மாதான் நிற்கும், நாலு போனிலிருந்து போட்டோ வாங்கி வைப்பது என்ன பெரிய வேலை. அதனால் வேகம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட சும்மா நிற்கும்போது எவ்வளவு தின்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது. ராஸ்பெரி பை என்கிற சின்ன போர்டைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள், 2012-இல் 35 டாலருக்கு வந்தபோது அது பெரிய விஷயம், கரண்ட் தின்பதிலும் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் இப்போது அதற்கு பவர் அடாப்டர், டப்பா, ஃபேன், மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கூட்டினால் நான் கடைசியில் வாங்கியதன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதோடு இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்தால் மெமரி கார்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், அதற்குத் தனியாக எஸ்எஸ்டி என்கிற டிஸ்க் மாட்ட வேண்டும். இன்டெல் என்100 போட்ட புது மினி பிசிக்களும் வருகின்றன, 2023-இல் வந்த சில்லு, நல்ல பொருள்தான், கையில் காசு இருந்தால் அதையே வாங்கலாம், நான் தடுக்கவில்லை.

நான் வாங்கியது ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டி வைத்திருப்பார்களே, தடியான ஒரு புத்தகம் அளவுக்கு, அந்த மினி பிசி. டெல்லில் மைக்ரோ என்பார்கள், லெனோவாவில் டைனி, எச்பியில் மினி. இது இப்போது சல்லீசாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் இன்டெல் சில்லில் எட்டாவது தலைமுறை, அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆறும் ஏழும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ்களில் ஓரம் கட்டப்பட்டுவிட்டன. எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனிகள் எத்தனை, மில்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் மொத்தமாகக் கழித்து விட்டால் எங்கே போகும்? கோவை காந்திபுரத்திலும் திருப்பூரிலும் செகண்ட்ஹேண்ட் கடைகளில் அட்டி போட்டு வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு ஆறாவது தலைமுறையா எட்டாவதா என்ற கவலையே இல்லை.

பெயரைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும், ஏமாற மாட்டீர்கள். ஐ5-6500டி என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வருகிற 6 தலைமுறை, கடைசியில் இருக்கிற டி என்ற எழுத்து குறைந்த கரண்டுக்கானது என்று அர்த்தம். அதற்கு 35 வாட் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முக்கி முக்கி வேலை செய்யும்போது. சும்மா நிற்கும்போது ஏழு எட்டுதான். நான் வாங்கியது அந்த 6500டி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 8,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், பேரம் பேசித்தான். 2 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் 6,300, பெரிய டிஸ்க் வேண்டாம், அது தனியாக அஞ்சு வாட் தின்னும், இந்தக் கையகல டிஸ்க் போதும். லேன் கேபிள் 200. எல்லாம் மாட்டி ஓடவிட்டு மறுபடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்ணினேன், ட்யூப்போடு சேர்த்து 17. வித்தியாசம் 6. பதினோரு வாட். ரெண்டு மாதத்துக்கு 16 யூனிட், கிட்டத்தட்ட 100 ரூபாய், 500-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பழைய பொட்டிக்கு ஆன 900-இல் 800 மிச்சம். வாங்கிய 8,500 ரெண்டு வருடம் ஆகும் முன்னே கரண்ட் பில்லிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

வாங்கும்போது கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒரு திருகாணிதான். என்னுடையது எங்கோ தறி ஓடுகிற இடத்தின் ஆபீஸில் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன், ஃபேனுக்கும் அந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு. தூசி இல்லை, பஞ்சு. வருடக்கணக்காக ஃபேன் இழுத்து இழுத்து, அமுக்கி அமுக்கி, ஜமுக்காளத்தின் ஒரு ஓரத்தை வெட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டிருந்தது, சாம்பல் நிறத்தில், நடுவில் ஒரு மஞ்சள் நூல். இடுக்கி வைத்து இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. என் மகன் அதைத் தீப்பெட்டியில் போட்டு இன்னும் வைத்திருக்கிறான், எதற்கென்று தெரியவில்லை. அதை எடுத்தபிறகு சூடு பத்து டிகிரிக்கு மேல் குறைந்தது, சத்தமும் நின்றது. சோமனூர், பல்லடம் மாதிரித் தறி ஓடுகிற ஊர்ப் பக்கம் இருக்கிறவர்கள் இதை வருடத்துக்கு ரெண்டு தடவையாவது செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ரெண்டு விஷயம் பார்க்க வேண்டும். கூடவே கொடுக்கிற அடாப்டர் அந்தக் கம்பெனியுடையதா என்று பாருங்கள், வேறு அடாப்டர் போட்டால் சில மாடல் அதைக் கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்துவிடும். பயாஸுக்கு (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடுகிற அமைப்பு) ஆபீஸில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அப்படியே விற்றிருப்பார்கள், அது இருந்தால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

மென்பொருள் பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாகவே எழுதியிருந்தார்கள், நான் அதிகம் சொல்லப் போவதில்லை. டெபியன் என்கிற லினக்ஸ் போட்டேன், திரையில் ஐகான் கீகான் எதுவும் இல்லாத வகை. போட்டோவுக்கு இம்மிச் என்று ஒன்று, கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும், போனில் ஆப் போட்டுவிட்டால் எடுக்கிற படம் தானாகப் போய்ச் சேரும், முகத்தை வைத்துப் பிரிக்கும், அந்தப் பிரிக்கிற வேலையும் நம் பொட்டியிலேயே நடக்கும், வெளியே எங்கும் போகாது. முதல் தடவை நாற்பதாயிரம் படத்தை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி முக்கியது, அந்த மூன்று நாள் மட்டும் வாட் ஏறியிருக்கும். முடித்தபிறகு பார்த்தால் என் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) இளவயசுப் படத்தையும் என் மகளையும் ஒரே ஆள் என்று சேர்த்து வைத்திருந்தது. வீட்டில் யாரும் அதைப் பிரிக்க விடவில்லை. வீடியோ பார்க்க ஜெல்லிஃபின், டிவியில் ஆப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

நம் ஊரில் இதற்கு முக்கியமான பாகம் கரண்ட் போவதுதான். அதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியில் "யுபிஎஸ் வைத்துக்கொள்ளவும்" என்று முடித்துவிட்டார்கள். இங்கே பாதி வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, தனி யுபிஎஸ் எதற்கு? ஆனால் இன்வெர்ட்டரில் மாட்டியபிறகும் கரண்ட் போகும்போதெல்லாம் பொட்டி அணைந்து மறுபடி ஏறியது. பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் என்று ஒரு பக்கம், ஈகோ (ECO) என்று ஒரு பக்கம். எங்கள் வீட்டில் வாங்கிய நாளிலிருந்து ஈகோவில்தான் இருந்திருக்கிறது. அதில் ஃபேனும் லைட்டும் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் அந்தத் தொந்தரவு போனது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. யுபிஎஸ் பக்கம் வைத்தால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே லைனை விட்டுவிட்டு பேட்டரிக்குத் தாவிவிடும். பக்கத்தில் தறி ஓடி சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவில் பேட்டரி சீக்கிரம் காலியாகும். எங்கள் தெருவில் பரவாயில்லை. உங்கள் தெரு எப்படி என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பயாஸில் ஒரு அமைப்பு இருக்கிறது, கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆக வேண்டும் என்று. அதையும் போட்டு வைத்தேன். எல்லாம் பக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. உங்கள் பத்திரிகையில் "நாளைய மின்தடை" என்று போடுவதை நான்தான் வீட்டில் முதலில் படிப்பேன், அன்றைக்கு ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்திருந்ததால் மறந்துவிட்டேன். காலை 9 மணிக்குப் போனது, வீடு முழுக்க ஆள், மூன்று ஃபேன், டிவி, பழைய பேட்டரி, மத்தியானம் மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கூவி நின்றுவிட்டது. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்தது. பொட்டியில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் போனில் எதுவும் வரவில்லை. ரவுட்டரைப் பிடுங்கி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், டிஸ்க் போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது. ஒன்றும் புரியாமல் பக்கத்து வீட்டு மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினால், தேதி 2016 என்று காட்டிக்கொண்டு, எஃப்1 அழுத்து என்று கேட்டுக்கொண்டு அமைதியாக நின்றுகொண்டிருக்கிறது.

உள்ளே போர்டில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032, நாலணா அளவில். வாங்கும்போதே அது செத்திருக்கிறது. கரண்ட் இருக்கிறவரை தெரியவில்லை, முழுக்கப் போனதும் தேதியை மறந்து அப்படியே நின்றுவிட்டது. 60 ரூபாய். இதற்குத்தான் அந்த ராத்திரி முழுக்க நான் சோறு தின்னவில்லை. பழைய பொட்டி வாங்குகிறவர்கள் முதல் நாளே இதை மாற்றிவிடுங்கள். கூட்டிப் பார்த்தால் என் மொத்தச் செலவு 15,060 ரூபாய், கட்டுரையில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

வைக்கிற இடம் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அட்டாலியில் வைத்தேன். சித்திரை மாதம், மேலே மொட்டை மாடி காங்கிரீட், பொட்டிக்குள்ளே 78 டிகிரி காட்டியது. இப்போது டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இருபது டிகிரி குறைவு.

வெளியூரிலிருந்து பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள், மகள் சென்னையில் படிக்கிறாள், அவளுக்கும் வேண்டும். இங்கே பல பிராட்பேண்ட் இணைப்புகளில் நமக்கென்று தனி இணைய முகவரி கொடுப்பதில்லை, ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். ரவுட்டரில் போய்ப் பார்த்தால் 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிற எண் இருந்தால் அதுதான். யூடியூபில் சொல்கிற மாதிரி ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வருகிற வழியை, திறந்து வைத்து எதுவும் ஆகாது, நான் ரெண்டு ஞாயிறு அதில் வீணடித்தேன். டெயில்ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது, சொந்த உபயோகத்துக்குக் காசு இல்லை, பொட்டியிலும் போனிலும் போட்டுக்கொண்டால் ரெண்டும் தனியாகப் பேசிக்கொள்கின்றன. வாசல் கதவைத் திறந்து போட்டு வைப்பதைவிட இதுதான் பாதுகாப்பும்கூட.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் கட்டுரை எழுதியவரோடு சண்டை போடுவேன். "இனி உங்கள் படங்கள் பத்திரம்" என்று முடித்திருந்தார். ஒரு டிஸ்கில் இருப்பது பத்திரம் இல்லை. ரெண்டு டிஸ்க் போட்டு ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகிற மாதிரி வைத்தாலும் பத்திரம் இல்லை, நான் தவறி அழித்தால் ரெண்டிலும் சேர்ந்து அழியும், மேலே இடி இறங்கினால் ரெண்டும் சேர்ந்து போகும். இன்னொரு நகல் வேண்டும், அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். என்னிடம் பழைய 1 டிபி டிஸ்க் ஒன்று இருந்தது, போட்டோ மட்டும் அதில் அடங்கும், வீடியோவுக்கு இன்னொன்று வாங்க வேண்டும், இன்னும் வாங்கவில்லை. மாதம் ஒரு தடவை கோபிக்கு மாமனார் வீட்டுக்குப் போவோம், அதற்கு முதல் நாள் ராத்திரி நகல் எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவேன். அங்கே மாமியாரின் பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கும். அடுத்த மாதம் போகும்போது எடுத்து வருவேன், ரெண்டு நாளில் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி இன்னொரு தடவை போய் அரிசிம்பருப்பு சாப்பிட்டுவிட்டு வருவேன். கணினிக்காரர்கள் இதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "அம்மிச்சி ஊட்டு காப்பி". என் பிள்ளைகள் வைத்த பெயர்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்கு மன்னிக்கவும், இடம் இல்லை என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பழைய டெஸ்க்டாப் "செலவே இல்லை" என்ற வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், 72 வாட் என்றால் ரெண்டு மாதத்துக்கு 104 யூனிட், 500-ஐத் தாண்டுமா என்று பார்த்துக்கொள்ளவும், இவ்வளவு போதும். நாளைக்கு எங்கள் பகுதியில் 9 மணியிலிருந்து கரண்ட் இல்லை என்று இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறீர்கள், இந்த முறை படித்துவிட்டேன், அதனால் இதை ராத்திரியே அனுப்பிவிட்டு, பொட்டியை நானே முறையாக அணைத்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அவிநாசி